வெள்ளை இடமே இல்லாத வரைபடம்

கல்லூரித் தேர்வு ஒன்றில் "நவீன அரசுகளின் அமைப்பு எப்போது தோன்றியது?" என்று கேட்டிருந்தார்கள். 1648, வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை என்று எழுதினேன். முழு மதிப்பெண். அதற்கு முன் ஐரோப்பாவில் புனித ரோமானியப் பேரரசரும் (ஜெர்மானியப் பிரபுக்களுக்கெல்லாம் மேலே இருந்தவர்) போப்பும் எல்லோர் தலைமேலும் அமர்ந்திருந்தார்கள். அதற்குப் பின் ஒவ்வொரு அரசும் தன் எல்லைக்குள் தானே தலைவன், அடுத்தவர் உள்விவகாரத்தில் மூக்கை நுழைப்பதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பாடப்புத்தகம் அப்படித்தான் சொன்னது. எனக்கும் அது பிடித்திருந்தது. ஒரு நாள், ஒரு கையெழுத்து, புதிய உலகம். மனத்தில் சட்டென்று உட்கார்ந்துகொள்ளும் கதை.

பல வருடங்கள் கழித்து அந்த உடன்படிக்கையின் மொழிபெயர்ப்பை எடுத்து உட்கார்ந்து படித்தேன். எந்தப் பக்கத்தில் அந்தப் பெரிய வாக்கியம் வரும் என்று தேடிக்கொண்டே போனேன். வரவில்லை. இந்த மடம் யாருக்கு, அந்தக் கோட்டையில் யார் படை நிற்கலாம், இன்ன பிரபுவின் விதவைக்கு எந்தச் சொத்து, ஸ்வீடன் நாட்டுப் படையைக் கலைத்து அனுப்ப 50 லட்சம் தாலர் எப்படித் திரட்டுவது என்று பத்தி பத்தியாகப் போகிறது. முப்பது வருடம் அடித்துக்கொண்டு ஓய்ந்த ஒரு கூட்டுக்குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரம்போல இருக்கிறது.

அந்த ஏமாற்றத்திலிருந்து தொடங்கிய வாசிப்புதான் இந்தக் கட்டுரை. நாம் இன்று "நாடு" என்று சாதாரணமாகச் சொல்லும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடப் போய், வேறொரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் 1648. அது ஒரே உடன்படிக்கையும் இல்லை. அக்டோபர் 24 அன்று கையெழுத்தானவை இரண்டு ஆவணங்கள். ஓஸ்னாப்ரூக் நகரில் பேசியது பேரரசரும் ஸ்வீடனும். மியூன்ஸ்டர் நகரில் பேசியது பேரரசரும் பிரான்ஸும். 1618இல் பிராகாவில் பேரரசரின் அதிகாரிகளை ஜன்னல் வழியே தூக்கி எறிந்ததில் தொடங்கிய முப்பதாண்டுப் போர் அப்படித்தான் முடிந்தது.

"ஆள்பவன் மதமே குடிகளின் மதம்" என்ற விதி 1648இல் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது 1555இல் ஆக்ஸ்பர்க் நகரில் வந்த விதி. 1648 செய்தது கிட்டத்தட்ட அதற்கு எதிரானது. 1624 ஜனவரி 1 அன்று எந்த ஊரில் எந்த வழிபாடு நடந்ததோ அதுவே தொடர வேண்டும், பிரபு மதம் மாறினாலும் குடிகளை இழுத்துக்கொண்டு போக முடியாது என்றது. அதாவது ஆள்பவரின் கையை அது கட்டிப்போட்டது. ஜெர்மானியப் பிரபுக்கள் வெளியாரோடு கூட்டணி வைக்கலாம், ஆனால் பேரரசருக்கும் பேரரசுக்கும் எதிராக வைக்கக் கூடாது. ஒரு குடிமகன் தன் பிரபுவின்மேல் பேரரசின் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடிந்தது. 1806இல் அந்தப் பேரரசு கலையும்வரை அது முடிந்தது. எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பாக இருந்தது இதுதான்: உடன்படிக்கை மீறப்பட்டால் தலையிடும் உரிமையை அது பிரான்ஸுக்கும் ஸ்வீடனுக்கும் கொடுத்தது. "பிறர் விவகாரத்தில் தலையிடாமை"யின் தாய் என்று நாம் மனப்பாடம் செய்த ஆவணம், இரண்டு வெளி அரசுகளைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறது.

அப்படியானால் இந்தக் கதை எப்படி வந்தது? லியோ கிராஸ் என்ற சட்ட அறிஞர் 1948இல், அந்த உடன்படிக்கையின் 300ஆம் ஆண்டில், எழுதிய கட்டுரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஐக்கிய நாடுகள் சபை அப்போதுதான் பிறந்திருந்தது. புதிய சபைக்கு ஒரு பழைய வேர் தேவைப்பட்ட காலம். ஆந்திரியாஸ் ஓசியாண்டர் என்ற ஆய்வாளர் 2001இல் எழுதி அந்த வேரைத் தோண்டிக் காட்டினார். இப்போது துறை அறிஞர்கள் பலர் இதைத் தொன்மம் என்றே சொல்கிறார்கள். பாடப்புத்தகங்கள் இன்னும் மெதுவாகத்தான் நகர்கின்றன.

1648 ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஸ்பெயின், தன்னை எதிர்த்து எண்பது வருடம் போராடிய டச்சுக்காரர்களைத் தனி அரசாக ஏற்றுக்கொண்டது அந்த ஆண்டில்தான். மதத்துக்காகக் கொன்று தீர்ப்பதில் ஐரோப்பாவுக்கு ஓர் அலுப்பு வந்தது. ஆனால் ஒரே நாளில் பிறந்த குழந்தை இல்லை இது.

பிறந்தது எது என்று புரிய, அதற்கு முன் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். 1329இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்ட் ஆமியேன் நகருக்குப் போய், பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப் முன் பணிந்து விசுவாசம் தெரிவித்தார். இங்கிலாந்தின் அரசராக அவர் யாருக்கும் பணியத் தேவையில்லை. பிரான்ஸின் தென்மேற்கில் அவருக்கு நிலம் இருந்தது. அந்த நிலத்தின் பிரபு என்ற முறையில் அவர் பிரெஞ்சு அரசரின் கீழ்க்குடி. ஒரே ஆள், ஓரிடத்தில் அரசர், இன்னோரிடத்தில் அடங்கியவர். அன்றைய ஆட்களுக்கு இதில் குழப்பமே இல்லை. இன்று ஒரு நாட்டின் குடியரசுத் தலைவர் பக்கத்து நாட்டின் மாவட்ட ஆட்சியராகவும் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த நினைப்பே நமக்கு வராது என்பதுதான் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதன் அளவு.

நம் மொழியிலேயே இந்தத் தூரத்தை அளக்கலாம். திருக்குறள் ஓர் அரசனுக்கு வேண்டியவை என்று ஆறைச் சொல்கிறது: படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண். 1933இல் மாண்டெவிடியோ நகரில் அமெரிக்கக் கண்டத்து அரசுகள் கூடி, அரசு என்றால் என்ன என்று நான்கைச் சொன்னார்கள்: நிரந்தரமான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவு வைக்கும் திறன். குடி இரண்டிலும் இருக்கிறது. நட்பு இரண்டிலும் இருக்கிறது என்றே சொல்லலாம். வரையறுத்த நிலப்பரப்பு மட்டும் பழைய பட்டியலில் இல்லை. கோட்டை உண்டு, கோடு இல்லை. பழைய ஆட்சி விளக்கின் ஒளிபோல: நடுவில் பளிச்சென்று, போகப்போக மங்கி, எங்கேயோ இருட்டில் அடுத்த விளக்கின் ஒளியோடு கலந்துவிடும். இன்றைய அரசு தன் தலைநகரில் எவ்வளவு அரசோ, கடைசி அங்குல மண்ணிலும் அவ்வளவே அரசு. ஓரடி தள்ளி, பூஜ்யம்.

"நாடு" என்ற சொல்லும் இடம் மாறிய சொல்தான். சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த ஒரு சிறு பகுதி. அதற்கு நாட்டார் என்று ஒரு சபை. இன்று அந்தச் சொல்லை நாம் மூன்று பொருளில் ஒரே மூச்சில் புழங்குகிறோம். "நாட்டை விட்டுப் போனான்" என்றால் நிலம். "நாடே கொதித்தது" என்றால் மக்கள். "அண்டை நாடு கண்டனம் தெரிவித்தது" என்றால் அரசாங்கம். நிலம், மக்கள், அரசாங்கம் மூன்றும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலக்காரர்கள் நேஷன், ஸ்டேட் என்று இரண்டு சொல்லை நடுவில் ஒரு சிறு கோடு போட்டு இணைக்கிறார்கள். அந்த ஒட்டு வெளியே தெரிகிறது. நாம் தேச அரசு என்று எழுதினாலும், பேசும்போது "நாடு" என்று சொல்லி ஒட்டை மறைத்துவிடுகிறோம். எனக்கு அந்த ஒட்டின்மேல்தான் கண்.

முதலில் வந்தது கோடு. அதுவும் எவ்வளவு தட்டுத்தடுமாறி வந்தது என்பதற்கு பிரான்ஸும் ஸ்பெயினும் 1659இல் செய்துகொண்ட பிரனீஸ் உடன்படிக்கையைச் சொல்வேன். மலைத்தொடர்தான் எல்லை என்று எழுதினார்கள். எந்த மலை, எந்தப் பள்ளத்தாக்கு என்று எழுத முடியவில்லை. செர்தான்யா என்ற பள்ளத்தாக்கை எப்படிப் பிரிப்பது என்று மறுவருடம் மீண்டும் உட்கார்ந்து, 33 கிராமங்கள் பிரான்ஸுக்கு என்று முடிவு செய்தார்கள். அங்கே யிவியா என்று ஓர் ஊர். "கிராமங்களைத்தானே கொடுப்பதாகச் சொன்னோம்? இது கிராமம் இல்லை, நகரம்" என்றது ஸ்பெயின். அந்த ஊருக்கு அப்படியொரு பட்டம் முன்பே இருந்தது. வாதம் நின்றது. இன்றைக்கும் யிவியா நாலாபுறமும் பிரான்ஸ் சூழ்ந்த ஒரு ஸ்பானிய ஊர். சுமார் 13 சதுர கிலோமீட்டர். ஒரு சொல்லின் பொருளால் ஸ்பெயினில் தங்கிவிட்ட ஊர்.

உடன்படிக்கை கையெழுத்தான இடம் பிதாசோவா ஆற்றின் நடுவே உள்ள ஒரு குட்டித் தீவு, ஃபெசன்ட் தீவு. ஆறு மாதம் அது ஸ்பெயினுடையது, ஆறு மாதம் பிரான்ஸுடையது. இன்றும் அப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறது. மனிதர் யாரும் குடியிருக்காத தீவு என்பதால் யாருக்கும் தொல்லை இல்லை. ஒரு நிலத்துக்கு ஒரே அரசு என்ற விதியை மனிதர்களே எழுதினார்கள், வேறு மாதிரியும் எழுத முடியும் என்பதற்கு அந்தத் தீவு ஓர் அமைதியான சாட்சி.

1659இல் எழுதிய எல்லைக்கு மலைமேல் கல் நட்டு முடிக்கும்போது 1868 ஆகிவிட்டது. அட்லாண்டிக் கரையிலிருந்து மத்தியதரைக்கடல்வரை 602 எல்லைக்கற்கள். இடையில் இருநூறு ஆண்டு. அந்த இருநூறு ஆண்டில் நடந்த ஒன்று எனக்கு எல்லைக்கோட்டைவிட முக்கியமாகப் படுகிறது. செர்தான்யா பள்ளத்தாக்கில் மேய்ச்சல் நிலத்துக்கும் வாய்க்கால் தண்ணீருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் எப்போதும்போலச் சண்டை போட்டன. சண்டையில் ஜெயிக்க, "நாங்கள் பிரெஞ்சுக்காரர்கள்", "நாங்கள் ஸ்பானியர்கள்" என்று தங்கள் அரசுகளிடம் முறையிடத் தொடங்கினார்கள். இருபுறமும் பேசியது அதே கத்தலான் மொழி. தூரத்து அரசு அவர்களைத் தன்னவர்கள் ஆக்கும் முன்பே, தண்ணீருக்காக அந்தப் பெயரைத் தாங்களே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். தேசியம் எப்போதும் மேலிருந்து கீழே ஊற்றப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது நல்ல பாடம். அது கீழிருந்தும் முளைத்தது, ஒரு வாய்க்கால் கரையில்.

கோடு இருந்தது. உள்ளே இருப்பவர்கள் இன்னும் ஒரு மன்னரின் குடிகளாகத்தான் இருந்தார்கள். அவர்களை "தேசம்" ஆக்கியது 1789. இறையாண்மை முழுவதும் அடிப்படையில் தேசத்திடமே இருக்கிறது என்று அந்த ஆகஸ்டில் வெளியான பிரெஞ்சு உரிமை அறிக்கையின் மூன்றாம் பிரிவு சொன்னது. இறையாண்மை என்ற கருத்தை ழான் போதான் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் 1576இலேயே விளக்கி எழுதிவிட்டார். ஆனால் அவர் அதை மன்னர் கையில் வைத்திருந்தார். இப்போது கை மாறியது. 1792 செப்டம்பரில் வால்மி போர்க்களத்தில் பிரெஞ்சுப் படை "தேசம் வாழ்க" என்று கூவியது. மறுவருடம் ஆகஸ்டில் பொது ஆள்திரட்டு ஆணை வந்தது: தேசம் உங்களுடையது என்றால், அதற்காகச் சாகும் கடமையும் உங்களுடையது. உரிமையும் கடனும் ஒரே பத்திரத்தில்.

ஆனால் யார் அந்தத் தேசம்? 1794 ஜூனில் அபே கிரெகுவார் என்ற பாதிரியார் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைத்தார். பிரான்ஸில் குறைந்தது 60 லட்சம் பேருக்கு பிரெஞ்சே தெரியாது; இன்னொரு 60 லட்சம் பேரால் தொடர்ந்து பேச முடியாது; சுத்தமாகப் பேசுகிறவர்கள் 30 லட்சத்தைத் தாண்ட மாட்டார்கள். மொத்த மக்கள்தொகை அப்போது சுமார் 2.8 கோடி. பிரெத்தோன், ஒக்சிதான், பாஸ்க், அல்சேஸ் மக்களின் ஜெர்மன், கத்தலான் என்று ஊருக்கொரு பேச்சு. அவர் கண்ட தீர்வு அறிக்கையின் தலைப்பிலேயே இருந்தது: வட்டாரப் பேச்சுகளை ஒழித்து பிரெஞ்சைப் பொதுவாக்குவது. இதே கிரெகுவார்தான் யூதர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று வாதாடியவர், அடிமை முறையை எதிர்த்தவர். கெட்ட மனிதர் இல்லை. எல்லோரும் சமம் என்று உண்மையாகவே நம்பினார். சமமாக இருக்க ஒரேமாதிரி இருக்க வேண்டும் என்றும் நம்பினார். ஒரு மொழிக்காரனாக இந்த இடத்தில் எனக்கு வலிக்கிறது. அந்த இரண்டாவது நம்பிக்கை எத்தனை பள்ளிக்கூடங்களில் எத்தனை குழந்தைகளின் வாயை அடைத்தது என்று யோசிக்காமல் இந்த அறிக்கையை என்னால் கடக்க முடியவில்லை.

இத்தாலி 1861இல் ஒரே அரசானபோது இத்தாலிய மொழியைப் பேசியவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் என்பது மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோவின் கணக்கு. ஜெர்மன் பேரரசு 1871இல் அறிவிக்கப்பட்டது பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில். மக்கள் முதலில் ஒன்றானார்கள், பிறகு தங்களுக்கென்று அரசு கட்டினார்கள் என்று பள்ளிப்பாடம் சொல்லும். பெரும்பாலும் அரசு முதலில் வந்தது. பிறகு பள்ளிக்கூடம், பட்டாளம், ரயில், நாளிதழ், மக்கள்தொகைக் கணக்கு. கடைசியில் மக்கள். 1882இல் பாரிஸில் எர்னஸ்ட் ரெனான் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு சொற்பொழிவில் இதன் உள்கூட்டைத் தொட்டார்: ஒரு தேசத்துக்குப் பொதுவான நினைவுகள் வேண்டும், அதேயளவு பொதுவான மறதியும் வேண்டும். யார் யாரைக் கொன்று இந்த எல்லை வந்தது என்பதைச் சேர்ந்து மறக்கத் தெரிய வேண்டும்.

கோட்டுக்குள் இருப்பவர்களை ஒரேமாதிரி ஆக்குவது ஒரு வழி. ஆகாதவர்களைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடுவது இன்னொரு வழி. 1923 ஜனவரி 30 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் அந்த இரண்டாவது வழியில் கையெழுத்திட்டன. துருக்கியிலுள்ள கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, கிரேக்கத்திலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கு. விருப்பம் கேட்கப்படவில்லை, கட்டாயம். இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்கள் ஒருபுறம் வந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் போரில் முன்பே ஓடி வந்தவர்கள். மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் மறுபுறம் போனார்கள்.

அளவுகோல் மதம் மட்டுமே. அதனால் நடந்ததைப் பாருங்கள். அனத்தோலியாவின் நடுவே கப்பதோக்கியாவில் கரமன்லி என்று ஒரு சமூகம். கிறிஸ்தவர்கள், வீட்டில் பேசியது துருக்கிய மொழி, அதை கிரேக்க எழுத்தில் எழுதினார்கள், ஜெபப் புத்தகங்களை அப்படியே அச்சடித்தார்கள். அவர்களை "உன் தாய்நாட்டுக்குப் போ" என்று கிரேக்கத்துக்கு ஏற்றினார்கள். அங்கே போய் இறங்கினால் மொழி புரியவில்லை. உள்ளூர்க்காரர்கள் "துருக்கி விதை" என்று ஏசினார்கள். அதேநேரம் கிரீட் தீவின் முஸ்லிம்கள், கிரேக்கம் மட்டுமே பேசியவர்கள், துருக்கியின் ஐவலிக் கரையில் இறக்கப்பட்டார்கள். அவர்களுக்குத் துருக்கி மொழி தெரியாது. எந்த மண்ணில் தங்கள் மொழி புரியுமோ அந்த மண்ணிலிருந்து, எங்கே புரியாதோ அங்கே அனுப்பப்பட்டார்கள், "சொந்த நாட்டுக்கு"த் திரும்புவதாக.

இந்தத் திட்டத்தை முன்வைத்தவர்களில் ஒருவர் ஃப்ரித்யோஃப் நான்சென். நார்வேக்காரர், வடதுருவப் பயணி, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையர். 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். போர் மறுபடி வராமலிருக்கப் பிரிப்பதே மேல் என்று அவர் கருதினார். அதே 1922இல் அவர் இன்னொன்றும் செய்தார். அதற்குப் பாஸ்போர்ட் கதைக்குப் போக வேண்டும்.

முதல் உலகப் போருக்கு முந்தைய சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே பயணம் செய்யலாம். போர் வந்ததும் எல்லாக் கதவும் மூடியது. 1920இல் சர்வதேச சங்கம் பாரிஸில் ஒரு மாநாடு கூட்டி, பாஸ்போர்ட் ஒரேமாதிரி இருக்கட்டும், 32 பக்கப் புத்தகமாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. ஒருநாள் இதை முழுதாக ஒழிக்கலாம் என்ற நம்பிக்கையோடுதான் பரிந்துரைத்தார்கள். நூறு ஆண்டு ஆகிவிட்டது.

1921 டிசம்பரில் சோவியத் அரசு, நாட்டை விட்டுப்போன ரஷ்யர்களில் பல லட்சம் பேரின் குடியுரிமையை ஓர் ஆணையில் பறித்தது. அவர்கள் பாரிஸிலும் பெர்லினிலும் கான்ஸ்டான்டிநோபிளிலும் இருந்தார்கள். உயிரோடு இருந்தார்கள், வேலை செய்தார்கள், ஆனால் காகிதப்படி எந்த நாட்டையும் சேர்ந்தவர்கள் இல்லை. ஓர் எல்லையைத் தாண்ட முடியாது; இருக்கும் இடத்தில் இருக்கவும் உரிமை கிடையாது. 1922 ஜூலையில் நான்சென் அவர்களுக்கென்று ஒரு சான்றிதழ் கொண்டுவந்தார். நான்சென் பாஸ்போர்ட். பிறகு அது ஆர்மீனியர்களுக்கும் கிடைத்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றன. இசையமைப்பாளர் ஸ்திராவின்ஸ்கி, ஓவியர் ஷகால் கையிலெல்லாம் அது இருந்திருக்கிறது. ஒரே மனிதர் ஒரு கையால் மக்களைக் கோடுகளுக்கு ஏற்றபடி பிரிக்க யோசனை சொன்னார், மறு கையால் கோடுகளுக்கு நடுவே விழுந்தவர்களைப் பிடித்தார். அவரை இரட்டை வேடம் போட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஏற்பாட்டுக்குள் நின்று நல்லது செய்ய நினைத்தவருக்கு அந்த இரண்டு வேலையும்தான் கிடைத்தன.

ஆப்பிரிக்கா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1884 நவம்பரில் தொடங்கிய பெர்லின் மாநாட்டில் 14 அரசுகள் உட்கார்ந்தன. ஆப்பிரிக்கர் ஒருவரும் இல்லை. அந்த மேசையில்தான் எல்லாக் கோட்டையும் போட்டார்கள் என்பது 1648 கதையைப் போலவே சுருக்கப்பட்ட கதை. பெரும்பாலான கோடுகள் அதற்குப் பின் இருவர் இருவராகப் பேசிப் போட்டவை. அதைவிட யோசிக்க வைப்பது 1964 ஜூலை. சுதந்திரம் பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் கெய்ரோவில் கூடி, அந்நியர் போட்ட அதே கோடுகளை மாற்றாமல் மதிப்பது என்று முடிவெடுத்தன. சோமாலியாவும் மொராக்கோவும் ஏற்கவில்லை. மற்றவர்கள் ஏன் ஏற்றார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஒரு கோட்டைத் தொட்டால் எல்லாக் கோடும் ஆடும். ஒவ்வொன்றும் ஒரு போர்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலனிகளுக்கு இந்தத் தேச அரசு ஒரு கேடயமாக இருந்தது. 1945இல் ஐக்கிய நாடுகள் சபையில் 51 உறுப்பினர்கள், இன்று 193. 1960இல் மட்டும் 17 நாடுகள் சேர்ந்தன. நேற்றுவரை இன்னொருவர் வரைபடத்தில் வண்ணமாக இருந்தவர்கள் பெயர்ப்பலகையோடு வந்து உட்கார்ந்தார்கள். உன் எல்லைக்குள் நீயே தலைவன் என்ற சட்டம் வலியவனுக்கு எதிராக எளியவன் பிடித்துக்கொள்ளக் கிடைத்த ஒரே கழி. அதை முறித்துப் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அந்தக் கழியால் உள்ளே இருப்பவரையும் அடிக்கலாம். இலங்கை 1948 பிப்ரவரியில் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியது. தந்தையோ அவருக்கு முந்தையவர்களோ அந்த மண்ணில் பிறந்ததைப் பத்திரத்தோடு காட்ட வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த குழந்தைக்கு யார் பத்திரம் எழுதிவைத்தார்கள்? 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பத்து வருடம் கழித்துப் பேசியபோது அந்த மீதியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் அந்த வட்டமான எண்கள்தான் என்னைத் தொந்தரவு செய்கின்றன. மனிதர்கள் ஆயிரக்கணக்கில் முழு எண்ணாக வருவதில்லை. இரண்டு அரசுகள் முதலில் எண்ணை முடிவு செய்தன, பிறகு ஆட்களை அதற்குள் நிரப்பின. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. 55 வருடம். ஒருவர் பிறந்து, கொழுந்து பறித்து, பேரன் எடுத்து, எந்த நாட்டையும் சேராமலே செத்துப்போக அது போதுமான காலம்.

கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னேன். இதுதான் அது. இந்த ஏற்பாட்டில் புதியது எது? அரசு புதிதில்லை. எல்லைச் சண்டை புதிதில்லை. தன் மக்கள்மேல் பற்றும் புதிதில்லை. தேடித்தேடி நான் வந்து சேர்ந்த இடம்: புதியது, வெளியே என்று ஓர் இடமே இல்லாமல் போனது. பழைய வரைபடங்களில் காடும் பாலையும் மலையும் யாருக்கும் சொந்தமில்லாத வெள்ளை இடங்களாகக் கிடந்தன. ஒரு மன்னனைப் பிடிக்கவில்லை என்றால் மூட்டைகட்டிக்கொண்டு அவன் கை எட்டாத இடத்துக்குப் போய்க் காடு திருத்திக் குடியேறலாம். இன்று பூமியின் மண் எல்லாம் யாரோ ஒருவருடையது. அண்டார்டிகாவின் ஒரு துண்டைத் தவிர்த்தால், எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே பீர் தவீல் என்று சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் பாலை இருக்கிறது. 1899இல் போட்ட கோட்டை எகிப்து சரியென்கிறது, 1902இல் போட்ட கோட்டை சூடான் சரியென்கிறது. இருவருக்கும் வேண்டியது பக்கத்திலுள்ள ஹலாயிப். பீர் தவீலைத் தனதென்று சொன்னால் ஹலாயிபை விட வேண்டிவரும் என்பதால் இருவரும் அதை வேண்டாம் என்கிறார்கள். மிச்சம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அதனால்தான் நாடற்றவர் என்ற நிலை இந்தக் காலத்துக்கே உரியது. முன்பு ஊரிலிருந்து விரட்டப்பட்டவன் வேறு எங்கோ போனான். இன்று எல்லா இடமும் ஏதோ ஒரு நாடு என்பதால், நாடில்லாதவன் நிற்கும் இடமெல்லாம் குற்றமாகிறது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் அப்படிப்பட்டவர்கள் சுமார் 44 லட்சம்; கணக்கில் வராதவர்கள் இன்னும் அதிகம் என்று ஆணையமே சொல்கிறது. 1982 குடியுரிமைச் சட்டத்தால் மியான்மரில் விலக்கப்பட்ட ரோஹிங்கியா மக்கள் அதில் பெரும் பங்கு.

மக்கள் இருக்கிறார்கள், நாடு இல்லை என்ற இந்த நிலைக்கு நேர் மறுதலை ஒன்று இப்போது வந்துகொண்டிருக்கிறது. பசிபிக் கடலில் துவாலு. சுமார் 11,000 பேர். ஒன்பது தீவுகள், கடல் மட்டத்திலிருந்து சில அடிதான் உயரம். ஐ.நா. பொதுச்சபையில் சீனாவுக்கும் ஒரு வாக்கு, துவாலுவுக்கும் ஒரு வாக்கு. கடல் ஏறிவருகிறது. 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள்: ஆண்டுக்கு 280 பேர் அங்கே போய்க் குடியேறலாம், நிலம் மூழ்கினாலும் துவாலு ஓர் அரசாகத் தொடரும் என்பதை ஆஸ்திரேலியா ஏற்கிறது. அதே ஆண்டில் துவாலு தன் அரசியல் சட்டத்தையும் திருத்தியது. நிலப்பரப்புக்கு என்ன இழப்பு நேர்ந்தாலும் துவாலு என்ற அரசு என்றென்றும் நிலைத்திருக்கும் என்று எழுதிவைத்தார்கள். மாண்டெவிடியோவின் நான்கில் ஒன்று கண்ணெதிரே கரைகிறது. மற்ற மூன்றையும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2022இல் அவர்களுடைய அமைச்சர் சைமன் கோஃபே, தங்கள் தீவுகளைக் கணினியில் அப்படியே பிரதியெடுத்து வைக்கப்போவதாக உலகத்துக்கு அறிவித்தார். முதலில் பிரதியெடுத்தது தேயாஃபுவாலிகு. அவர்களிடம் உள்ளவற்றில் மிகச் சிறிய திட்டு. முதலில் மூழ்கப்போவதும் அதுவாகத்தான் இருக்கும் என்றார்.